கண்ணை மூடினால் தரை இல்லை

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது, ஆஸ்பத்திரி அறையின் சுவர் இடப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போய், வெடுக்கென்று பழைய இடத்துக்கு வந்து, மறுபடியும் ஓடியது. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“கட்டிலத் தள்ளாதீங்க” என்று என் கணவரிடம் சொன்னேன்.

“யாரு தள்ளுதா? நான் இங்கன நாற்காலியிலல்லா இருக்கேன்” என்றார்.

அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தேன். வாந்திதான் வந்தது.

நான் போலீஸில் தலைமைக் காவலர். சிறு வயதில் சீழ் வடிந்து தானாக நின்றுபோன வலது காது, நாற்பதைத் தாண்டியதும் நாற்றத்தோடு மறுபடி வடியத் தொடங்கியது. அதற்குத்தான் இந்த ஆபரேஷன். சாயங்காலம் டாக்டரம்மா வந்தார்.

“உள்ள வளர்ந்த சதை எலும்பை அரிச்சு உள்காது வரைக்கும் போயிருந்துச்சு. விட்டிருந்தா மூளைக்குப் போயிருக்கும். நாம நேரா நிக்க உதவுற பாகமும் அங்கதான் இருக்கு. அது பாதிச்சிருக்கு. தலைசுத்தல் வரலாம்னு முன்னாடியே சொன்னேனே.”

சொல்லியிருந்தார். நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். தலைசுற்றல் என்றால், சாப்பிடாமல் வெயிலில் நின்றால் வருமே, அந்த மாதிரி என்று நினைத்துவிட்டேன். காது கேட்பதற்கு மட்டும்தான் என்று அன்றுவரை நம்பியிருந்தேன்.

மேலகரத்து வீட்டுக்கு வந்த பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மூன்று வாரத்தில் சுவரை விட்டேன். சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தலைக்குக் குளிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். ஷாம்பு நுரை வழிந்தது. கண்ணை மூடினேன்.

காலுக்குக் கீழே தரை இல்லை.

வழுக்கவில்லை. தலை சுற்றவும் இல்லை. எது மேல், எது கீழ் என்று என் உடம்புக்கே தெரியாமல் போய்விட்டது. சுவர் இருக்கும் என்று கையை நீட்டிய இடத்தில் சுவர் இல்லை. குழாயில் நெற்றி இடித்த பிறகுதான், நான் விழுந்துவிட்டேன் என்பதே தெரிந்தது.

“யம்மா, என்ன சத்தம்? கதவத் தொற” என்று பிளஸ் டூ படிக்கும் என் மகள் வெளியே நின்று தட்டினாள்.

தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் எரிந்தது, மூடினால் மறுபடி எதுவுமே இல்லை. தரையைத் தடவித் தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்தேன். என் நெற்றியில் ரத்தத்தைப் பார்த்தும் அவள் கத்தவில்லை. ஈரத்துண்டால் என் கண்ணைத் துடைத்தாள்.

“எம் மூஞ்சியப் பாரும்மா. வேற எங்கயும் பாக்காத.”

பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தரை திரும்பி வந்தது.

தென்காசியில் நான்கு தையல் போட்டார்கள். “ஏட்டி, ஒத்தையில எதுக்குப் போன?” என்று என் கணவர் கேட்டுக்கொண்டே வந்தார். காயம் பெரிதில்லை. இத்தனை வருஷம் பரேடில் அசையாமல் நின்றது என் கால்கள்தான் என்று நினைத்திருந்தேன். கால் இல்லை, காது என்பதுதான் மனதைப் போட்டு உலுக்கியது.

“இப்ப உங்க கண்ணும் காலும்தான் அந்தக் காதோட வேலையையும் பாக்குது. கண்ண மூடினா எப்படி நிக்கும்? பழகிரும், ஆனா நீங்கதான் பழக்கணும்” என்றார் டாக்டரம்மா.

அவர் சொன்ன பயிற்சிப்படி, காலண்டரில் ஒரு தேதியைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். முதல் நாள் ஆறு தடவைக்கு மேல் முடியவில்லை. மகள் பின்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். தினமும் நின்றாள்.

சாரல் தொடங்கியபோது டியூட்டிக்குத் திரும்பினேன். குற்றாலம் மெயின் அருவியில், பெண்கள் குளிக்கும் பக்கம் போட்டார்கள். பல சீசன் நின்ற இடம். வழக்கம்போல் நிமிர்ந்து தண்ணீரைப் பார்த்தேன். தண்ணீர் கீழே வர வர, நான் மேலே போனேன். ஈரப் பாறையை விட்டுக் கால் கிளம்பிவிட்டது போலிருந்தது. பாய்ந்து தடுப்புக் கம்பியைப் பிடித்தேன்.

பக்கத்தில் நின்ற இளம் பெண் காவலர் ஓடி வந்தாள். “அக்கா, யாராச்சும் விழுந்துட்டாங்களா?”

“இல்ல. நான்தான் விழப்போறேன்.”

அவள் என் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். “தண்ணிய ஏன் பாக்குதீங்க? நாம ஆளத்தான பாக்கணும். இங்கன திரும்பி நில்லுங்க.”

அந்த சீசன் முழுவதும் அருவிக்கு முதுகைக் காட்டியே நின்றேன். இரைச்சல் இடது காதில் மட்டும் கேட்டது. கடைசி வாரம், கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். உடம்பு லேசாக மேலே போயிற்று. ஏழு எண்ணும்வரை பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டேன்.