ஏறியவர்களை இறக்கிவிட்ட பாண்டியம்மாள்

பயிற்சி முடிந்து விமானத்தைத் தரையிறக்கிய கையோடு செல்பேசியைப் பார்த்தேன். பாண்டியம்மாளின் அம்மா பலமுறை அழைத்திருந்தார். திரும்ப அழைத்தேன். "ஏய்யா, உங்க பாண்டியம்மா போயிட்டாய்யா. காலையில எந்திரிக்கவே இல்ல" என்றார். எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் பராமரிப்புப் பொறியாளர், ஐம்பதைக்கூட எட்டாதவர், தூக்கத்திலேயே போய்விட்டார். அழுது தீர்த்துவிட்டேன். இப்போது அவர் ஜெயித்த கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் இன்னும் காதில் கேட்கும். "பாத்துட்டேன் மேடம்" என்று யாராவது சொன்னால், "கண்ணால பாத்தியா, கையால பாத்தியா?" என்பார். நரிக்குடிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். அவர் வருவதற்கு முன்பே அவருடைய சிரிப்பு வந்து சேர்ந்துவிடும். நான் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு விறைப்பாக நடந்தால், "கேப்டனு, கீழ பாத்து நடங்க, கல்லு கெடக்கு" என்று எல்லோர் முன்னாலும் வாரிவிடுவார்.

தன் ஊர்க்காரர்களை விமானத்தில் ஏற்றி, அவர்களுடைய ஊரையே மேலிருந்து காட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முதலாளியை நச்சரித்து ஆண்டு விழாவன்று அனுமதி வாங்கினார். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். முதல் சுற்றுக்கு அவருடைய அம்மா, சித்தி, ஊர்த்தலைவர் மூவரும் ஏறினார்கள். விமானி இருக்கையில் நான். பெல்ட் மாட்டியாயிற்று. அப்போதுதான் பாண்டியம்மாள் ஓடி வந்தார்.

"கேப்டனு, சாவிய எடுங்க. எல்லாரும் எறங்குங்க."

இந்த ரக விமானங்களில் இன்ஜினுக்கு எரிபொருள் கொண்டுபோகும் ரப்பர் குழாய்களைச் சோதிக்காமல் இனிப் பறக்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்துத் துறையிலிருந்து அன்று காலையில்தான் கட்டாய உத்தரவு வந்திருந்தது. முதலாளி குழைந்தார். "ஒரே ஒரு ரவுண்டும்மா. பெறகு பிரிச்சுப் பாப்போம். உத்தரவு இப்பத்தான வந்துருக்கு?"

"உத்தரவு இப்பத்தான் சார் வந்துச்சு. விரிசல் எப்ப வந்துச்சோ, யாரு கண்டா?"

அதைவிடப் பெரிய சண்டை பின் இருக்கையிலிருந்து வந்தது. "நான் எறங்க மாட்டேன்டி. ஊரே பாக்குது. என் மானத்த வாங்காத" என்றார் அம்மா.

"ஆத்தா, நீயா எறங்குறியா, நான் தூக்கி எறக்கட்டுமா?"

அம்மா முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். பாண்டியம்மாளின் முகம் சுண்டிப்போனது. எத்தனை நாள் கனவு கண்ட நாள் அது!

இன்ஜின் மூடியைக் கழற்றினார். மேலுக்குப் பார்த்தால் குழாய் புத்தம் புதிதாகத் தெரிந்தது. அடிப்பக்கமாக விரலை ஓட்டிக்கொண்டே போனவர் ஒரு வளைவில் நின்றார். இன்ஜினை ஓட்டாமல் எரிபொருள் பம்ப்பை மட்டும் போடச் சொன்னார். விரலுக்கடியில் இருந்த கீறலிலிருந்து எரிபொருள் துளிர்த்து, நேர் கீழே இருந்த புகைக்குழாயின்மேல் சொட்டியது. இன்ஜின் ஓடியிருந்தால் அந்தப் புகைக்குழாய் பழுக்கக் காய்ந்திருக்கும். நடுவானத்தில் தீப்பிடித்திருக்கும். முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. பாண்டியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்து, "ஒரு ரவுண்டு போவமா சார்?" என்றார். சொல்லிவிட்டு அதே பெரிய சிரிப்பு!

எல்லா விமானங்களுக்கும் புதுக் குழாய் மாட்டிய பிறகு ஊர்க்காரர்களை மறுபடியும் அழைத்தார். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். இரண்டு வேன்கள் வந்தன. முதல் ஆளாக ஏறியவர் அம்மாதான். அவர்கள் ஊர்க் கண்மாய்க்கு மேலே திரும்பியபோது, "ஏய்யா, எம்மக கீழயா நிக்கிறா? அவளுக்குக் கையாட்டணும், எறக்கிப் புடி!" என்று கத்தினார். எங்கள் பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பி வந்து அதற்கு மேலே தாழ்வாக ஒரு வட்டம் அடித்தேன். கீழே பாண்டியம்மாள் இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்.

அவர் எனக்கு விட்டுச் சென்றது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். ஊரில் அவரை வழியனுப்பிய அன்று தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சித்தி. பந்தல்காலைப் பிடித்தபடி ஊர்த்தலைவர். மாலையோடு நான். அந்த முதல் சுற்றுக்கு ஏறிய நான்கு பேரும் அங்கே இருந்தோம்.