காட்டில் தம்பி என்று கூப்பிட்டது

மான் சுடுவதற்கு என் பெயரில் ஓர் உரிமம் இருக்கிறது. சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்துகொண்டு, கடுகு வெடித்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற நான் அதை வாங்கினேன். பாடம் படித்து, பரீட்சை எழுதி, வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற்று, அதற்குப் பிறகு வாங்கினேன். தம்பி கேட்டான் என்பதற்காக.

தம்பி அமெரிக்காவில், வடக்கே பனி கொட்டும் ஒரு மாநிலத்தில் இருக்கிறான். தனிக்கட்டை. இங்கே தேசிய சேவையில், கட்டாயப் பட்டாளத்தில், துப்பாக்கி பிடித்த கை அது. அங்கே போய் அலுவலகத்து ஆட்களோடு மான் வேட்டைக்குப் போகப் பழகினான். பிறகு அவர்கள் இல்லாமலும் போனான்.

புது வருஷம் பிறந்த சமயம் ஒரு நாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவன், நடுவில் குரலைத் தாழ்த்தினான். போன நவம்பரில் விடிகிற நேரம், மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருந்தானாம். காற்று இல்லை. பின்னாலிருந்து யாரோ "தம்பி" என்று கூப்பிட்டார்களாம். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. கடையில் மீதிக் காசை வாங்காமல் போகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. அவன் திரும்பினான். திரும்பும்போதே துப்பாக்கி தோளுக்கு வந்துவிட்டது, பாதுகாப்புப் பூட்டையும் விரல் தள்ளிவிட்டது. புதருக்கு நேராக எவ்வளவு நேரம் வைத்திருந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் பனியில் அவனுடைய காலடியைத் தவிர வேறு தடம் இல்லை.

"அப்பா குரலாடா?" என்று கேட்டேன்.

"அப்பா குரலா இருந்தா நான் ஏன்க்கா துப்பாக்கியத் தூக்கப் போறேன்."

போகாமல் இருந்துவிடேன் என்றேன். போகாமல் இருந்தால் அது வேறு எங்காவது வந்து கூப்பிடும் என்றான். அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பஸ் நேரம் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

அவன் கேட்டது இதுதான். வரும் நவம்பரில் நான் அங்கே போய் அவன் பக்கத்தில் பரணில் உட்கார வேண்டும். மறுபடி அது கூப்பிட்டு, மறுபடி துப்பாக்கி எழுந்தால், அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். துப்பாக்கி வாங்கத் தெரியாதவள் வாங்கினால் வெடித்துவிடும். அதனால் முறையாகப் படித்துவிட்டு வா என்றான். அங்கே வேறு யாரிடமும் சொல்ல முடியாது, பைத்தியம் என்பார்கள்.

வீட்டுக்காரரிடம் பாதி மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். "கரப்பான் பூச்சிக்கே என்னக் கூப்பிடுற ஆளு நீ. மான் வந்தா அங்கேருந்து எனக்கு போன் போடுவியா?"

வயது வந்தவர்கள் இணையத்திலேயே படித்து முடிக்கலாம் என்று அந்த மாநிலம் அனுமதித்திருந்தது. சமையல் முடிந்து அடுப்பைத் துடைத்துவிட்டு, மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துப் படித்தேன். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினை. சுடத் தீர்மானிக்கும் வரை விரலை விசைக்குள் விடாதே. மானின் உடம்பில் எந்த இடத்தில் பட்டால் சட்டென்று சாகும் என்பதற்குப் படம் இருந்தது. மானின் தோல் கண்ணாடி போல இருக்க, உள்ளே நுரையீரலும் இதயமும் வண்ணத்தில் தெரிந்தன. மான் அதைப் பற்றிக் கவலைப்படாமல் நம்மைப் பார்த்தது.

ஒரு பாடம் என்னைப் பிடித்துக்கொண்டது. குறியை மட்டும் பார்க்காதே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். குண்டு குறியோடு நிற்காது. அதைப் படித்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்கப் போனேன். கூட்டம். எதிரே பலாச்சுளைப் பொட்டலத்தோடு ஒருவர். அவருக்குப் பின்னால் தொலைபேசியில் ஊரோடு பேசிக்கொண்டு ஒரு பையன். அவனுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தை, குழந்தைக்குப் பின்னால் பஸ், பஸ் கண்ணாடிக்குள் வரிசையாய்த் தலைகள், அதற்கும் அப்பால் நகைக்கடை வெளிச்சத்தில் கழுத்தை நீட்டி நிற்கும் பெண்கள். நான் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஒரு குண்டு வந்து நிற்பதற்கு இந்த ஊரில் வெற்றிடமே இல்லை. அதற்குப் பிறகு பல நாள் எந்த முகத்தையும் முகமாக மட்டும் பார்க்க முடியவில்லை. பேசுகிறவரின் காதுக்குப் பக்கத்தில், அவருக்குப் பின்னால், யார் நிற்கிறார்கள் என்று என் கண் தானாகப் போய்விடும்.

பரீட்சையில் தேறினேன். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் வேடிக்கை. அவர்களுக்கு முதல் பெயர் வேண்டும், குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் என் பெயர், பிறகு 'இன்னாரின் மகள்' என்பதற்கு இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒரு சாய்ந்த கோடு, பிறகு அப்பா பெயர். அந்தக் கோட்டை இணையப் பக்கம் ஏற்கவே இல்லை. கோட்டை எடுத்தேன், எழுத்தை எடுத்தேன், கடைசியில் அப்பாவை மட்டும் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போட்டேன். மறுநாள் அப்பா பெயரை விளித்து மின்னஞ்சல் வந்தது. வாழ்த்துகள், இந்தப் பருவத்தில் கொம்பு மான் ஒன்றைச் சுட உங்களுக்கு அனுமதி உண்டு. கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க மாட்டாத மனிதர். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது.

தம்பியிடம் சொன்னபோது சிரித்தான். "எனக்கும் அதே கததான் லா. பேங்க்ல, ஆபீஸ்ல, எல்லாரும் அப்பா பேரச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. இந்த நாட்டுல என்னத் தம்பின்னு கூப்பிட ஆளே இல்லக்கா."

சொல்லிவிட்டு நிறுத்தினான். காட்டில் ஒரு ஆள் இருந்ததே.

ஜூன் மாதம் விடுப்பில் வந்தான். மெலிந்திருந்தான். தேக்கா சந்தைக்கு அழைத்துப் போனேன், அவனுக்கு ஆட்டெலும்பு ஆசை. இந்தப் பகுதியில் யாரும் யாரையும் தம்பி என்பார்கள். இறைச்சிக்கடைக்காரர் வாடிக்கையாளரை, வாடிக்கையாளர் தேநீர் ஆற்றுகிறவரை, போலீஸ்காரரைக்கூட. எலும்பைப் பொட்டலம் கட்டியவர் "தம்பி" என்று நீட்டினார். தம்பி முகம் சிரித்தபடிதான் இருந்தது. வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் முதலில் நேராக நீண்டது, பிறகு மெல்ல உள்ளே மடங்கியது. வேறு யாரும் அதைக் கவனித்திருக்க வழியில்லை. எனக்குப் பாடம் இருந்தது.

வீட்டில் நீளக் குடையை வைத்துப் பழகினோம். துப்பாக்கியைக் கைமாற்ற ஒரு முறை உண்டு. கொடுப்பவர் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, குண்டு போடும் அறையைத் திறந்து, காலி என்று காட்டி நீட்ட வேண்டும். வாங்குபவர் தானும் பார்த்துவிட்டு, நன்றாகப் பிடித்துக்கொண்டு, 'தேங்க் யூ' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் கொடுப்பவர் கையை எடுக்கலாம். இது எனக்கு வரவே இல்லை. எங்கள் வீட்டில் அக்கா தம்பிக்குள் நன்றி என்று சொன்னால் சண்டை போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். நான் "ம்" என்பேன், "குடு" என்பேன், "விடுடா" என்பேன். அவன் விடமாட்டான். குடையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு கூடத்தில் நிற்போம். வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, மழை எப்போது வரும் என்று விசாரிப்பார்.

ஒரு காலையில் புக்கிட் பாத்தோக் பூங்காவுக்குப் போனோம். முந்தைய நாள் மழையில் பாதை கறுத்திருந்தது. பழைய கல்லுடைப்புக் குளத்தின் மேல் ஆவி. மரங்கள் எதையோ சொல்லிவிட்டு நிறுத்தியது போல நின்றன. குடை அவன் கையில். நான் அவனுக்கு இடது பக்கம். பாதை வளைகிற இடத்தில் புதர் அசைந்தது. காட்டுப்பன்றியாக இருக்கும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் நின்றான். குடை தோளில் இருந்தது. இது கேலிக்குரியதுதான், ஒரு நடுத்தர வயது மனிதன் கறுப்புக் குடையைக் கன்னத்தில் சாய்த்து நிற்பது. ஆனால் அவன் மூச்சைப் பாதியில் நிறுத்தியிருந்தான். அதையும் பாடத்தில் சொல்லியிருந்தார்கள்.

வளைவிலிருந்து ஒரு முதுகு வந்தது. சீனப் பெரியவர் ஒருவர், உடற்பயிற்சிக்காகப் பின்னோக்கி நடந்து, கைதட்டிக்கொண்டே எங்களை நோக்கி வந்தார். முகம் இல்லாமல் ஒரு வெள்ளைப் பனியன் மட்டும் நெருங்கி வந்தது. குடையின் முனை அந்தப் பனியனின் நடுவில் நின்று, அதோடு கூடவே நகர்ந்தது.

குடையைப் பிடித்தேன். "தேங்க் யூ" என்றேன். அவன் விடவில்லை. மறுபடி, சத்தமாகவே, சொன்னேன். விடவில்லை. என் பக்கம் கண்கூடத் திரும்பவில்லை. பிடியை விடாமல் அவன் வலது பக்கம் சுற்றி வந்து காதருகில் சொன்னேன். கை உடனே தளர்ந்தது. பெரியவர் எங்களைக் கடந்த பிறகு முகத்தைக் காட்டி, காலை வணக்கம் சொல்லிக்கொண்டே பின்னோக்கிப் போனார்.

"கூப்பிட்டது கேட்டுச்சா?" என்றான் தம்பி.

"இல்ல. நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"ஒரே தடவதானே சொன்ன."

"மூணு தடவ சொன்னேன்டா."

காப்பிக்கடையில் உட்கார்ந்து அவனிடம் எடுத்துச் சொன்னேன். காது பற்றி ஒரு பாடம் உண்டு. வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்குக் குழலின் பக்கம் இருக்கும் இடது காதுதான் முதலில் கெடும். கெட்ட காது சும்மா இருக்காது, வெறும் அமைதியில் தானே ஏதாவது சத்தம் செய்துகொள்ளும் என்று எங்கோ படித்திருக்கிறேன். உன் காது அது, வேறு யாரும் இல்லை என்றேன். அவன் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சத்தம் வரலாம், ஆனால் தமிழிலா வரும் என்று கேட்டான்.

"இந்த வருஷம் நீ உரிமம் எடுக்கக் கூடாது," என்றேன். "நானும் வரல. நான் வந்தா அந்தத் துப்பாக்கியும் வரும். இன்னிக்கு அந்த ஆளு முதுகப் பாத்தேன்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சரி என்றான். ஆனால் வெறுங்கையோடு ஒரு நாள் பரணில் போய் உட்காருவேன், கூப்பிடுவது காதுதானா என்று தெரியாமல் இனி என்னால் இருக்க முடியாது என்றான். காட்டிலிருந்து என்னைக் காணொளியில் அழைக்க வேண்டும், கைகளைக் காட்ட வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டான்.

திரும்பிப் போய்க் காது மருத்துவரைப் பார்த்தான். இடது காது பெரும்பாலும் போயிருந்தது. கருவி மாட்டிவிட்டார்கள். தொலைபேசியில் அவன் குரலே மாறியிருந்தது. ஐஸ்பெட்டி இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாமல் போச்சே என்றான்.

வேட்டைப் பருவம் திறந்த அன்று அங்கே விடியல், இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். திரையில் ஆரஞ்சு நிற மேலங்கி, வாயிலிருந்து புகை, இரண்டு வெறுங்கைகள். கையுறையைக் கழற்றி விரல்களை விரித்துக் காட்டினான். பிறகு தொலைபேசியைக் கிளையில் செருகிவிட்டு உட்கார்ந்தான். நாங்கள் பேசவில்லை. அவனுக்குப் பின்னால் மரங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. வெகுநேரம். அவன் தோள்கள் இறங்கின. குழந்தையாக இருந்தபோது தூக்கம் வருமுன் அவன் தோள் அப்படித்தான் இறங்கும்.

"ஒண்ணுமே இல்லக்கா," என்றான். சிரித்தான். "எல்லாம் காதுதான். ஒரு சத்தமும் இல்ல."

அவன் அதைச் சொல்லி வாய் மூடிய பிறகு, "தம்பி" என்று கேட்டது. எனக்கு. அதட்டல் இல்லை, அவசரம் இல்லை.

எங்கள் கட்டடத்தின் கீழே காப்பிக்கடை இருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே யாராவது யாரையாவது தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். எழுந்து போய் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். திரையை விட்டுக் கண்ணை எடுக்க எனக்குத் துணிவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். எதுவும் கேட்காதவனின் முகம். கருவி மாட்டிய காதைக் குளிருக்குத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா?" என்றான்.

சொன்னால் அவன் அந்தக் காட்டை விட்டு வரமாட்டான். அடுத்த வருஷம் துப்பாக்கியோடு அங்கே போவான்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "குளிரும். இறங்கு. கார்ல ஏறிட்டுச் சொல்லு."

இறங்கினான். பனியில் அவன் பூட்ஸ் நொறுங்கும் சத்தமும், கார்க் கதவு சாத்தும் சத்தமும் கேட்கும்வரை நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவன் துப்பாக்கியைப் பிறகு விற்றுவிட்டான். இப்போது வாரக்கடைசியில் ஏரியில் மீன் பிடிக்கிறான். தமிழில் எதையும் படிப்பதை அவன் விட்டுப் பல வருஷமாகிறது. அதனால் இதை இங்கே எழுத முடிகிறது.