பூச்சுக்காரனும் அடுக்குக்காரனும்

பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் இறங்கி, மீன் கடைகளைத் தாண்டி மேடேறினால் ஆக்சிலியாவின் ஸ்டூடியோ. பாஸ்போர்ட் போட்டோவா, சர்ச்சில் புதுநன்மையா, மஞ்சள் நீராட்டா, கல்யாணமா, பத்தொன்பது வருடமாக எல்லாவற்றுக்கும் அவள்தான். அவள் கேமராவுக்கு முன்னால் நிற்காத ஆள் அந்தக் கரையில் கிடையாது.

படம் எடுப்பதில் அவளை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. எடுத்ததை வைத்துக்கொள்வதில்தான் எல்லாக் கூத்தும். கம்ப்யூட்டருக்குள் ஒரு லட்சம் படத்துக்கு மேல் கிடந்தது. மற்றவர்கள் ஆள் பெயரும் தேதியும் போட்டு வைப்பார்கள். ஆக்சிலியாவோ அன்றைக்கு என்ன நடந்ததோ அதையே பெயராக வைப்பாள். ‘பந்தல் பறந்தது’, ‘சாமியார் இருமல்’, ‘கப்பல் லேட்’. சென்னைக் கப்பல் பிந்தி வந்து, மாப்பிள்ளை வீட்டார் ஹேடோ துறைமுகத்தில் இறங்கிய கையோடு மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த கல்யாணங்கள் மட்டும் பதினொன்று. ‘கப்பல் லேட்’ ஒன்று முதல் பதினொன்று வரை வரிசையாக இருக்கும்.

தேதியை வைத்தாவது தேடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கேமராவின் உள்பேட்டரி செத்து வெகுகாலம் ஆயிற்று. ஒவ்வொரு முறை பேட்டரியைக் கழற்றி மாட்டும்போதும் அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய் நின்றுகொள்ளும். ஆக்சிலியாவும் சரி என்று அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அந்தக் கணக்குப்படி பாம்பூஃப்ளாட்டில் நடந்த அத்தனை கல்யாணமும் ஒரே நாளில் நடந்தவை.

இந்த நிலையில்தான் கடல் தாண்டி மெயின்லேண்டில் படிக்கும் மகள் சோபியா இரண்டு சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தாள். இரண்டும் ஒரு மாதத்துக்கு இலவசம். ஒன்று முகத்தை வெளுப்பாக்கும், வேண்டாதவர்களை அழிக்கும், வானத்தைக்கூட மாற்றும். மற்றது இருக்கிற படங்களை முகம் பார்த்துப் பிரித்து அடுக்கும். ஆக்சிலியா முதலாவதற்குப் பூச்சுக்காரன் என்றும், இரண்டாவதற்கு அடுக்குக்காரன் என்றும் பெயர் வைத்தாள். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் கம்ப்யூட்டர் படகு எஞ்சின் மாதிரி இரைந்து நின்றுவிடும். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். சனிக்கிழமையோடு இரண்டுக்கும் கெடு முடிகிறது.

ஹேடோ துறையில் சரக்கு சரிபார்க்கும் அவள் கணவன் நெல்சன் அடுக்குக்காரன் கட்சி.

“எந்தப் பெட்டி எங்க நிக்கின்னு கேட்டா ரெண்டு நிமிசத்துல சொல்லுவேன். ஒன் கடையில தேடப் போனா மனுசன் காணாமப் போயிருவான் ஏட்டி.”

“ஒங்க பெட்டி வந்து, என்னை வெள்ளையாக் காட்டுன்னு கேக்குதா? என்கிட்ட வாறவுக எல்லாம் கேக்காவ!”

இப்படி இழுபறியாக இருந்தபோது, திங்கட்கிழமை காலையில் வேலாயி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் கணவன் முனியாண்டி அக்கரைக்கு ஓடும் சாத்தம் படகில் கயிறு போடுபவர். படகைக் கட்டுமுன் குதிப்பவர்களைப் பார்த்து “ருக்கோ! ருக்கோ!” என்று, நில்லுங்கள் என்பதை இந்தியில், முப்பத்தைந்து வருடமாகக் கத்தி, அந்தக் கத்தலிலேயே முகம் இறுகிப்போன மனிதர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அறுபதாம் கல்யாணம்.

“வாசல்ல ஃபிளெக்ஸ் கட்டணும் தாயி. அவரு சிரிச்ச மாதிரி ஒரு படம் வேணும்.”

“முனியாண்டி அண்ணனா? சிரிச்ச மாதிரியா?”

“சிரிச்சாருத்தா! ஆறு வருசத்துக்கு முன்னாடி, எங்க அண்ணன் மகன் குணா கல்யாணத்துல. நீயும் கேமராவும் கையுமா அங்கிட்டுத்தான் நின்ன. வீட்டுல இருக்கறதெல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்த மொகம். அதைப் பெருசாக்கி வாசல்ல கட்டுனா வாற சனம் திரும்பிப் போயிரும்.”

“எதுக்குச் சிரிச்சாரு யக்கா? அதச் சொன்னா தேடுறதுக்குத் தோதா இருக்கும்.”

வேலாயி சேலை முந்தானையைச் சரிசெய்தாள். “அதெல்லாம் ஞாபகம் இல்ல.” பிறகு குரல் தாழ்ந்தது. “கட்டிக்கிட்டு வந்து முப்பத்திரெண்டு வருசம். அவரு சிரிச்சு நான் பாத்ததே கைவிரல்ல அடங்கிரும். ஊருக்கு அவரு கத்துற மொகந்தான் தெரியும். ஒரு நாளாச்சும் மத்தத பாக்கட்டும்னுதான்.”

இதைக் கேட்டபின் ஆக்சிலியாவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

குணா கல்யாணமும் அதில் ஒன்றாக இருக்கும் என்று ‘கப்பல் லேட்’ பதினொன்றையும் இரண்டு நாள் துழாவினாள். குணா இல்லை. புதன்கிழமை பூச்சுக்காரனைக் கூப்பிட்டாள். அடையாள அட்டைப் படத்தை எடுத்து, உதட்டின் இரண்டு ஓரத்தையும் மேலே இழுத்தாள். முனியாண்டி அழுகையை அடக்குபவர் மாதிரி ஆனார். வாயைத் திறந்து பல் வைத்தால் சரியாகும் என்று தோன்றியது. கைக்குக் கிடைத்த ஒரு படத்திலிருந்து பல் வரிசையை எடுத்து ஒட்டினாள்.

சோற்றுப் பொட்டலத்தோடு உள்ளே வந்த நெல்சன் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

“ஏட்டி, அது எம் பல்லு!”

“சும்மா கெடங்க. ஒங்க பல்லுன்னு யாருக்குத் தெரியும்?”

வேலாயிக்குத் தெரிந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “இது யார் வீட்டுப் பல்லு?” என்றாள். “இவருக்கு மேல ஒரு பல்லு கெடையாதே. கயிறு தெறிச்சுப் போன பல்லு. அந்தச் சந்து தெரிஞ்சாத்தான் அது இவரு சிரிப்பு.”

ஆக்சிலியா பூச்சுக்காரனை மூடிவிட்டு அடுக்குக்காரனைத் திறந்தாள். அது ஒரு ராத்திரியும் ஒரு பகலும் எடுத்துக்கொண்டு ஒரு லட்சம் படத்தையும் முகம் முகமாகப் பிரித்தது. ஊரிலேயே அதிகக் கல்யாணங்களுக்குப் போனவர் என்று முதலில் ஒருவரைக் காட்டி, ‘இவர் யார்?’ என்று கேட்டது. கோயில் வாசலில் குழந்தையை ஏந்தி நிற்கும் அந்தோணியார் சுரூபம். ஆக்சிலியா சிலுவை போட்டுக்கொண்டு பெயரை அடித்துக் கொடுத்தாள்.

முனியாண்டிக்கு நாற்பத்தாறு படம் வந்தது. நாற்பத்தாறிலும் அதே முகம். சாப்பிடும்போதும் அதே முகம். மொய் எழுதும்போதும் அதே முகம்.

“கத்தம், முடிஞ்சு போச்சு,” என்றான் நெல்சன். “வேலாயியக்கா கனவு கண்டிருப்பாவ.”

“கனவு காணுறவுக பல்லுச் சந்தைச் சொல்லுவாவளா? சும்மா இருங்க.”

ஆக்சிலியாவின் பிடிவாதம் நெல்சனுக்குத் தெரியாததா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பெயர் தெரியாதவர்கள் என்று அடுக்குக்காரன் ஒதுக்கிய மூட்டை ஒன்று கடைசியில் கிடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க அதைப் புரட்டினாள். நடுவில் ஒரு முகம். வாய் அகலத் திறந்து, கண் இடுங்கி, மேல் வரிசையில் ஒரு சந்து. கையில் படகுக் கயிறு.

அடுக்குக்காரன் மேல் தப்பு சொல்ல முடியாது. அந்த மனிதர் சிரித்து அது பார்த்ததில்லை; வேறு யாரோ என்று ஒதுக்கிவிட்டது.

படத்தை முழுதாகத் திறந்தாள். முன்னால் கல்யாணப்பெண் படகிலிருந்து இறங்குகிறாள். அன்றைக்கு ஆக்சிலியா பார்த்தது அவளை மட்டும்தான். பின்னால் மூலையில், பந்திக்குக் கொண்டுவந்த தயிர் அண்டாவுக்குள் இரண்டு காலும் மேலே நிற்க ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். கயிறு கட்டுமுன் குதித்த வேலாயி.

படம் கிடந்த இடத்தின் பெயரைப் பார்த்தாள். ‘தயிர் போச்சு’. அன்றைக்குப் பந்தியில் மோருக்குக்கூட வழியில்லாமல் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை காலையில் வேலாயியைப் பிடித்துக்கொண்டாள். “யக்கா, தயிருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திங்கக்கிழமையே எடுத்துத் தந்திருப்பேனே!”

“அதை எப்படித்தா வாயால சொல்லுறது?” வேலாயி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “சிரிச்சாருன்னு சொன்னேன்ல? ஆனா என்னைய எடுத்துரு. அண்டாவையும் எடுத்துரு.”

பூச்சுக்காரன் அதற்குத்தானே இருக்கிறான். மூலையை மட்டும் வெட்டியெடுத்தாள்; ஒரு நிமிடத்தில் வேலாயியும் அண்டாவும் மாயம். இப்போது முனியாண்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெறும் தரையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

வேலாயி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“என்னத்தா இது,” என்றாள் வேலாயி. “அறுபது ஆனதும் புத்தி பெரண்டுருச்சுன்னுல்ல ஊரு பேசும்.”

“பின்ன என்ன செய்ய?”

வேலாயி யோசித்தாள். பெருமூச்சு விட்டாள். “என்னைய திரும்ப உக்கார வையி.”

“அண்டாவுலயா?”

“வேற எங்க?”

ஆக்சிலியா உட்கார வைத்தாள். பிறகு அடுக்குக்காரனைத் திறந்தாள். ‘இவரும் முனியாண்டியும் ஒருவரா?’ என்று அது கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள். அதையே வைத்துக்கொள்வதென்று தீர்மானமும் செய்தாள். வெளுப்பு கேட்டு வருகிறவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருந்தாள்: “காலையில ஏழு மணிக்கு வாங்க. கடலைப் பாத்து நில்லுங்க. வெளிச்சமே வெளுப்பாக்கிரும்.”

அன்று மாலையே ஃபிளெக்ஸ் அக்கரையில் அச்சாகி, முனியாண்டி கயிறு போட்ட படகிலேயே சுருட்டி வந்து இறங்கியது. அதைத் தூக்கி வந்த நெல்சனையும் அவர் “ருக்கோ!” என்று அதட்டினார்.

ஞாயிறு காலை, மாலையும் கழுத்துமாக மண்டபத்துக்கு வந்த முனியாண்டி வாசலில் நிமிர்ந்து பார்த்தார். முகம் இறுகியது.

“யாரு இந்தப் பய?”

அவர் கண் மெல்ல இறங்கி அண்டாவுக்கு வந்தது. பக்கத்தில் பட்டுச் சேலையில் நின்ற வேலாயியைப் பார்த்தார்.

“அன்னைக்கும் சொன்னேன்ல, ருக்கோன்னு.”

“நீங்க என்னைக்குத்தான் சொல்லல?”

அவ்வளவுதான். பல்லுச் சந்து தெரிய அவர் சிரித்த சிரிப்பில் கழுத்து மாலை குலுங்கியது. ஆக்சிலியா அமுக்கிக்கொண்டே இருந்தாள். கேமரா அத்தனையையும் ஜனவரி ஒன்றாம் தேதி என்று குறித்துக்கொண்டது.

கடைக்கு வந்து, நெல்சன் பின்னால் நின்று பார்க்க, முறைப்படி ஆள் பெயர், தேதி, இடம் எல்லாம் அடித்தாள். அவன் திருப்தியாகச் சோறு எடுத்து வைக்கப் போனான். அவன் முதுகு திரும்பியதும் அத்தனையையும் அழித்துவிட்டு எழுதினாள்: ‘தயிர் 2’.