ஒரே தேதியில் பிறந்த அப்பனும் பிள்ளையும்

இரும்புலியூர் ரத்தினபாய் அஞ்சாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவள். ஹாஸ்டல் ஒன்றில் முப்பது வருஷம் சோறு வடித்தாள். ஆனால் வேதக்கோயிலில் யாருக்காவது கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப் போகிறார்கள் என்றால், பெண்ணும் மாப்பிள்ளையும் கட்டிக்கிற முறைதானா என்று அவளிடம்தான் முதலில் வந்து கேட்பார்கள். நாலு தலைமுறையை மூச்சு விடாமல் சொல்லுவாள்.

அப்பேர்ப்பட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வம்ச வரலாறு எழுதக் கிளம்பினான் அவள் அண்ணன் மகன் ஆபேல். சேலையூரில் வீடு. பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர். சும்மா இருக்கிற கைக்கு ஏதாவது வேண்டுமே! சபை ஆபீஸ்களில் போய் உட்கார்ந்து, பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை போனில் படம் பிடித்தான். கேம்ப் ரோட்டில் ஒரு ஹாலை எடுத்து, சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டி, சுவர் அகலத்துக்கு வம்ச மரம் போட்ட ஃபிளெக்ஸ் கட்டினான்.

ரத்தினபாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். உச்சிக் கட்டத்தில் அவளுடைய தாத்தா வேதசிரோமணியும், அவளைப் பெத்த அப்பா ஏசுபாதமும் பக்கத்துப் பக்கத்தில். கீழே, ‘இரட்டையர். பிறப்பு 4.10.1903.’

"இன்னாடா இது, ஆபேலு?"

"ரெக்கார்ட்ல அப்படித்தான் இருக்கு அத்தை. ரெண்டு பேருக்கும் ஒரே டேட்."

"அது ஞானஸ்நானம் வாங்கின தேதிடா! அப்பனும் புள்ளையும் ஒரே நாள்ல வேதத்துக்கு வந்தாங்கோ. அன்னிக்கு எங்கப்பனுக்கு ஆறு வயசு. உன்னையும் நம்பி ஒரு பேங்க்கைக் குடுத்து வெச்சிருந்தானுங்க பாரு!"

பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். ஆபேலுக்குக் காது சிவந்தது. "வயசு போட்டிருந்த ஓரம் செல்லரிச்சுப் போயிருந்துச்சு" என்று முனகினான்.

அந்தக் கூத்தைக்கூட ரத்தினபாய் பொறுத்துக்கொள்வாள். கட்டத்தில் கன்னியம்மா இல்லையே, அதுதான் அவள் நெஞ்சைச் சுட்டது.

ஏசுபாதத்தைப் பெத்தவள் கன்னியம்மா. புருஷனும் பிள்ளையும் வேதத்தில் சேர்ந்தபோது, "பேரை மாத்திக்க நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று வீட்டிலேயே நின்றுவிட்டவள். கல்லுடைத்து இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வெளுத்த துணி உடுத்தி, கோயில் கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பாளாம். செத்தபோது சபைக் கல்லறையில் இடம் கொடுக்கவில்லை. ஏரிக்கரையில் புதைத்தார்கள். ஏசுபாதம் வருஷா வருஷம் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே மெழுகுவத்தி கொளுத்தினார். இப்போது அந்த இடத்தில் அபார்ட்மெண்ட்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள்.

"கன்னியம்மா எங்கடா?"

"அவங்களுக்கு ரெக்கார்டே இல்ல அத்தை. ப்ரூஃப் இல்லாம போடக் கூடாது."

"ப்ரூஃபா? உங்க தாத்தன் இன்னா, நோட்டுப் புஸ்தகத்துலேர்ந்தா வந்து வுழுந்தான்? அவ பெக்கலேன்னா நீ ஏதுடா, உன் ஃபிளெக்ஸ் ஏதுடா?"

ஆபேல் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் குரூப் போட்டோவுக்கு வாங்க" என்று பேச்சை மாற்றினான்.

அவன் மகள் ஜெரூஷாதான் ஒரு கறுப்பு மார்க்கரையும் நாற்காலியையும் கொண்டுவந்தாள். "நீங்களே எழுதுங்க பாட்டி, நான் புடிச்சிக்கிறேன்."

ரத்தினபாய் ஏறினாள். ‘இரட்டையர்’ மேல் பட்டையாக ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில், அஞ்சாங்கிளாஸ் எழுத்தில், கோணல்மாணலாக, முழ நீளத்துக்கு: கன்னியம்மா.

போட்டோ எடுக்கும்போது ஆபேல் அதை மறைக்கச் சரியாக அதன் முன்னால் போய் நின்றான். குதிகாலைக்கூடத் தூக்கிப் பார்த்தான். பாவம், அந்த வம்சத்திலேயே அவன்தான் குள்ளம்.