பின் கதவை அடைக்கக் கூடாதாம்

எங்கள் வீட்டில் என்னை இன்றைக்கும் ஓட்டைவாய் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டம் எனக்குக் கிடைத்தது எட்டு வயதில், கீரனூரில், சித்தி தன் முதல் பியூட்டி பார்லருக்கு வாடகைக்குக் கடை பேசப் போன அன்று. ஒரே ஒரு வார்த்தையால் வந்த வினை. முடி.

அம்மாவின் தங்கையான சித்தி அப்போது எங்களோடுதான் இருந்தாள். ஆறு வருஷமாகத் தினமும் காலையில் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய் ஒரு பார்லரில் வேலை பார்த்தாள். வேலையெல்லாம் இவள் தலையில், பேரெல்லாம் முதலாளியம்மாவுக்கு. ஒரு நாள் வார்த்தை முற்றிப்போய், "நாளையிலேருந்து வர மாட்டேன், சொந்தமா வைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வந்த வேகத்தில் சேமிப்பைத் துடைத்துப் போட்டு ஒரு சுழல் நாற்காலியும் வாங்கிவிட்டாள். கடைதான் இல்லை. நாற்காலி எங்கள் கூடத்தில் டிவிக்கு எதிரே கிடந்தது. அப்பா அதில் சாய்ந்துகொண்டு செய்தி பார்ப்பார். அவர் எழுந்ததும் நான் ஏறித் தலை கிறுகிறுக்கும்வரை சுற்றுவேன். சித்தி அந்தப் பக்கம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

அதற்குள் மூன்று இடத்தில் கேட்டாயிற்று. ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. இன்னொருவர் மெடிக்கல் ஷாப்புக்குக் கொடுத்துவிட்டார். மூன்றாமவர் மட்டும் மனசில் உள்ளதைச் சொன்னார். முடி விழுகிற இடத்தில் லட்சுமி தங்க மாட்டாளாம். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. அதற்குள் கடை திறக்காவிட்டால் திருச்சிக்கே திரும்பிப் போய் அந்த அம்மா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். "அதுக்கு நான் மாடு மேய்ப்பேன்" என்றாள் சித்தி. எங்களிடம் மாடும் கிடையாது.

நாலாவதாகக் கிடைத்தது, உரக்கடைக்காரர் ஒருவர் தன் வீட்டு முன்பக்கம் கட்டியிருந்த ஒற்றைக் கடை. முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்த சித்திக்கு அன்று தூக்கமே இல்லை. தண்ணீர்க் குழாய் இருக்கிறது, தரையெல்லாம் டைல்ஸ். பின்னால் ஒரு கதவு, திறந்தால் அவர்கள் வீட்டு முற்றம். அதை அடைத்துவிட்டால் தலை அலசுகிற பேசினுக்கு இடம் சரியாக இருக்கும்.

என்னை எதற்குக் கூட்டிப் போனாள் என்றால், பிள்ளையும் கையுமாகப் போனால் முகத்தில் அடித்தாற்போல் இல்லையென்று சொல்ல மாட்டார்கள் என்பதற்காக. வழியெல்லாம் பாடம் நடந்தது. "நீ வாயவே தொறக்காத. அப்படியே தொறந்தாலும் முடிங்கிற பேச்சே வரக் கூடாது. நம்ம வைக்கிறது அழகு நிலையம். முகத்துக்கு, கைக்கு, காலுக்கு. வெளங்குதா?" விளங்கியது. மறந்துபோய்ச் சொல்லிவிடக் கூடாதே என்று முடி, முடி, முடி என மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டே போனேன்.

உரக்கடைக்காரர் எங்களைக் கூடத்தில் உட்காரவைத்தார். சித்தி முகம், கை, கால் என்று நயமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவரும் தலையாட்டிக்கொண்டு வந்தார். நடுவில் என் பக்கம் திரும்பி, "பாப்பாவுக்குக் கிராப்பு ஜோரா இருக்கே, எங்க வெட்டுனது?" என்று கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சித்திதான் வெட்டுனாங்க! முடி பூராம் பேனு. வெள்ளிக்கெழம ஒக்கார வச்சு ஒட்ட வெட்டிட்டாங்க!"

முடி, பேன், வெள்ளிக்கிழமை. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். சித்தி என் தொடையில் கிள்ளிய கிள்ளு நாலு நாளைக்குக் கன்றிப்போய்க் கிடந்தது.

"ஏம்மா, முடியெல்லாம் வெட்டுவீங்களா?"

"லேடீஸுக்கு மட்டுந்தாண்ணே" என்றாள் சித்தி, கேட்டும் கேட்காத குரலில்.

"செத்த இருங்க, தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று அவர் எழுந்து உள்ளே போனார். சித்தி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் திரும்பி வந்து, "செவ்வாயும் வெள்ளியும் வெட்டாம இருந்தாப் போதுமாம்" என்றார்.

பை மறுபடியும் கீழே இறங்கியது. அத்தோடு விட்டாளா சித்தி? வெள்ளிக்கிழமைதான் புருவம் எடுக்க நிறையப் பேர் வருவார்கள், அது வெட்டுவதில் சேராது, நூலால் எடுப்பது என்றாள். "புருவமும் முடிதானம்மா?" என்றார் அவர். "முடின்னா தலையில இருக்கிறதுண்ணே." "அப்ப இது என்னவாம்?" என்று தன் மீசையைத் தொட்டுக் காட்டினார். புருவம் முடியா இல்லையா என்று இரண்டு பேரும் பத்து நிமிஷம் வழக்காடினார்கள். கடைசியில் அவர் மறுபடி தண்ணீர் குடிக்கப் போனார். வந்தார். "புருவம் முடியில சேராதாம்."

பத்து மாத அட்வான்ஸ் என்றவர், இன்னொரு தரம் குடித்துவிட்டு வந்து ஆறு மாதம் போதுமாம் என்றார். எனக்கோ ஒரே கவலை. எங்கள் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஓயாத தாகத்தில் ஆரம்பித்துச் சர்க்கரை வியாதி என்று சொன்னார்கள்.

பார்த்துப் பார்த்து எனக்கும் தாகம் எடுத்தது. "உள்ள போ பாப்பா, தருவாங்க" என்றார். போனால், கதவுக்குப் பின்னாலேயே அவர் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முந்தானையால் வாயையும் தாடையையும் சேர்த்துப் பொத்தியிருந்தார். பாவம், பல்வலி என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்துவிட்டு, காதோடு காதாகக் கேட்டார்.

"ஏத்தா, நூல்ல எடுத்தா ரொம்ப வலிக்குமா?"

"எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்குமாம்."

"புருவத்துல மட்டுந்தான் எடுப்பாகளா?"

"எங்க இருந்தாலும் எடுப்பாங்க. தாடையிலகூட. இருங்க, சித்திக்கிட்டக் கேக்குறேன்" என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஒரு முழு அதிரசம் வந்து உட்கார்ந்தது. "யாருகிட்டயும் சொல்லக் கூடாது, என்ன?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். நான் வாழ்க்கையில் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். அதில் ரகசியம் எது என்று தெரியாததால் காப்பாற்ற முடிந்தது.

நான் வெளியே வந்தபோது சித்தி பின் கதவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். "தாராளமா அடைச்சுக்கங்க" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே ஒரு டம்ளர் ணங்கென்று விழுந்தது. எழுந்து போனார். இந்தத் தடவை வர நேரமாயிற்று.

"எல்லாம் சரிதானாம். பின் கதவை மட்டும் அடைக்கக் கூடாதாம்."

சித்தி கெஞ்சிப் பார்த்தாள். பேசினை எங்கே வைப்பது என்று கேட்டாள். மனிதர் அசையவில்லை. நாற்காலியை நினைத்தாளோ திருச்சியை நினைத்தாளோ, "சரிண்ணே" என்றுவிட்டாள். வீட்டில் அப்பா சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அக்ரிமென்டை உரக்கப் படித்தார். 'பின்புறக் கதவை எக்காரணம் கொண்டும் அடைத்தல் கூடாது' என்ற வரி வந்ததும் நிறுத்தி, "வேவு பாக்கப் போறாங்க, பாத்துக்க" என்றார். சித்திக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

ஆவணி பிறந்ததும் கடை திறந்தோம். நாற்காலி போன துக்கத்தில் அப்பா இரண்டு நாள் செய்தியே பார்க்கவில்லை. முதல் வெள்ளிக்கிழமை, உச்சி நேரம். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நான் கடையில் இருந்தேன். பின் கதவு தட்டப்பட்டது. உரக்கடைக்காரர் மனைவி. உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை மெல்ல எடுத்தார்.

சித்தி வாசல் திரையை இழுத்துவிட்டாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள். தாடை முடியில் சேருமா, சேராதா என்று அன்று யாரும் வழக்காடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "வலிக்குதாம்மா?" என்றாள் சித்தி. "இல்லத்தா, நீ எடு" என்றார்.

முடிந்ததும் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய், தாடையை இரண்டு விரலால் இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததை எதற்கு இத்தனை நேரம் பார்க்கிறார் என்று இருந்தது எனக்கு. பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். திரையை விலக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி நடந்தார்.

எனக்குப் பதறிவிட்டது. ஓடிப்போய் வாசலில் நின்று, "அம்மா, ஒங்க வீட்டுக் கதவு இங்கிட்டு இருக்கு! அங்கிட்டுப் போறீங்களே!" என்று கத்தினேன். சித்தி வந்து என் வாயைப் பொத்தினாள். அந்த அம்மா திரும்பவே இல்லை. ஆட்கள் நிறைந்து நிற்கிற பஸ் ஸ்டாண்டுப் பக்கமாகக் கையை வீசிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டேன். பாவம், இத்தனை வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறார், வீட்டுக்குப் போக வழி தெரியவில்லை.