தீவுக்குப் போகாத சித்திரை

கிருஷ்ணராசா அண்ணை வேலை முடிந்து வந்தால் முன்கதவைத் தொடமாட்டார். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கையால் வந்து, வளவுக் குழாயடியில் சப்பாத்துகளைக் கழற்றி, பழைய பல்துலக்கி ஒன்றால் அடியைத் தேய்ப்பார். தண்ணீர் பச்சையாக ஓடும். இந்த ஆங்கிலேய நகரத்தின் மனோர் பார்க்கில் அவருக்குப் பக்கத்து வீட்டில் நாங்கள் இருக்கும் இத்தனை வருடங்களில், மழைக்கோ பனிக்கோ அவர் இதைத் தவறவிட்டதை நான் பார்க்கவில்லை.

அந்தப் பச்சை, கனடா வாத்துகளின் எச்சம். அண்ணைக்கு ஏரியுள்ள ஒரு பூங்காவில் வேலை. மண் தெரியப் புல்லை மேய்ந்து, நடைபாதையெல்லாம் கழித்து, மற்றப் பறவைகளுக்குக் கரையில் இடம் விடாமல் அவை பெருகிவிட்டன.

"எங்கடை சனம் கனடாவுக்குப் போகுது, கனடாத் தாரா இஞ்சை வருது. கணக்குச் சரிதானே, தங்கச்சி?" என்று வேலிக்கு மேலால் கேட்பார். சிரிக்கமாட்டார். பறவை கலைந்துவிடும் என்பதுபோலக் குரல் எப்போதும் தணிந்தே இருக்கும்.

சித்திரை பிறந்தால் படகில் ஏரி நடுவிலுள்ள தீவுக்குப் போவார். கூடுகளிலுள்ள முட்டைகளுக்கு எண்ணெய் பூசித் திரும்ப வைப்பார். ஓட்டுக்குள் காற்றுப் போகாது, குஞ்சு வளராது.

"எடுத்து எறிஞ்சால் திரும்பவும் இடும். பூசி வைச்சால், பொரிக்குமெண்டு நம்பிக்கொண்டு கிடக்கும்" என்றார் ஒருமுறை. வாசமில்லாத எண்ணெய்தான். ஆனாலும் சொல்லிவிட்டுக் கையை மணந்து பார்த்தார்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டுச் சித்திரையில் அவருடைய மனைவி தவமலர் அக்காவுக்கு எட்டு மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. எங்கள் வீடுகளில் கர்ப்பிணியின் கணவன் உயிர்க்கொலை செய்வதில்லை. பாம்பு வந்தால்கூட வேறு ஆளைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய குசினி யன்னல் திறந்திருந்தது; அக்காவின் குரல் எனக்குக் கேட்டது.

"இந்த முறை நீங்கள் போகக்கூடாது."

"நான் என்ன கொல்லுறனே? எண்ணெய்தானே பூசுறன்."

"அதைப் போய் அந்தத் தாராவிட்டைச் சொல்லுங்கோ."

அண்ணை மேற்பார்வையாளரிடம் ஏலாது என்று சொல்லிவிட்டார். காரணத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாரோ தெரியாது. வேலைக்கு ஆள் குறைவு. அந்த வருடம் தீவுக்கு ஒருவரும் போகவில்லை. வைகாசியில் மகள் ஜதுர்ஷிகா சுகமாகப் பிறந்தாள். அதே கிழமைகளில் ஏரி முழுவதும் மஞ்சள் குஞ்சுகள்.

ஆனியில் வாத்துகளுக்கு இறகு உதிரும். புதிய இறகு முளைக்கும்வரை அவற்றால் பறக்க முடியாது. தொகை மிஞ்சிவிட்டதென்று, பூங்கா வாசலைத் திறக்குமுன் அவற்றை வலையால் வளைத்துப் பட்டிக்குள் சாய்த்து, கொல்வதற்காக மூடிய லொறியில் ஏற்றினார்கள். பிள்ளை பிறந்துவிட்டதால் இம்முறை அண்ணைக்குச் சொல்லக் காரணம் ஒன்றும் இருக்கவில்லை. வலையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓடேல்லை, தங்கச்சி. வரிசையா நடந்துதான் வந்ததுகள். சின்னனுகளும் பின்னாலை." குழாயடியில் குனிந்து சப்பாத்தைத் தேய்த்தார். "நான் போயிருந்தால் முட்டையிலையே முடிஞ்சிருக்கும்."

அன்று தவமலர் அக்கா மகளை நீட்டியும் அவர் வாங்கவில்லை.

இப்போது ஜதுர்ஷிகாவுக்கு நாலு வயதாகப் போகிறது. தவமலர் அக்கா மறுபடியும் ஒரு பிள்ளைக்கு முழுகாமல் இருக்கிறார். சித்திரை பிறந்துவிட்டது. இன்று காலை அக்காவே வாசல்வரை வந்து, சோற்றுப் பெட்டியை அண்ணையின் கையில் கொடுத்தார். அண்ணை தீவுக்குப் போயிருக்கிறார்.