மஞ்சள் பெட்டி போன பிறகு

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று காலையில் நல்ல மழை. அண்ணனின் வேனில், பின் சீட்டில் என் பை. அதன்மேல் சாய்ந்தபடி ஒரு மஞ்சள் பெட்டி. அண்ணி குடையோடு ஓடிவந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தடவிக்கொடுத்து, "பத்திரமா போயிட்டு சீக்கிரம் வந்துடு" என்றாள். நானும் கையை நீட்டினேன். அவள் தடவியது பெட்டியை என்று பிறகுதான் பார்த்தேன்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரி ரிப்பேர் ரூமில் வேலை. நோயாளியின் உடம்பைத் தொடுகிற எந்த மெஷினும் அவள் கையைத் தாண்டித்தான் வார்டுக்குப் போக முடியும். மெஷினிலிருந்து கரண்ட் கசிகிறதா, கசிந்தால் எவ்வளவு என்று சொல்வது அந்த மஞ்சள் பெட்டி. பெட்டி சொல்வது சரிதானா என்று பார்க்க, அதையும் அவ்வப்போது கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பயணம். அண்ணன் என்னை பஸ் ஸ்டாண்டில் இறக்கினான், அதை லாரி ஆபீசில் இறக்கினான்.

சில வருஷம் கழித்து நான் திரும்பி வந்தேன். பெட்டி வரவில்லை.

"நீயாவது வழி தெரிஞ்சு வந்தியே." நாத்தனாருக்கு அண்ணியின் வரவேற்பு அவ்வளவுதான்.

வந்த வாரமே அவள் கம்பெனிக்குப் போன் செய்வதைக் கேட்டேன். ஒரு பார்ட் வரவேண்டுமாம். பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். ஆபீஸ் இடம் மாறியதில் எல்லாம் கலைந்து கிடக்கிறதாம். போனை வைத்துவிட்டு அண்ணி சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "கிணத்துல போட்ட கல்லுக்காவது 'தொபுக்'னு ஒரு சத்தம் வரும்."

எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. இத்தனை நாள் ஓடிய கால். வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "தரையைத் தேய்க்காத. கிளம்பு, வந்து ஒயரையாவது பிடி" என்று அண்ணி என்னை ரிப்பேர் ரூமுக்கு இழுத்துப் போனாள்.

ரூம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அடுத்த கதவு சலவை அறை. எப்போதும் ஈரத்துணி வாடை, ஈயம் உருகும் வாடை. ஒரு மூலையில் டேபிள் ஃபேன், இன்னொரு மூலையில் டீ கெட்டில். நடுவே மேஜைமேல், போன பெட்டிக்குப் பதிலாக அண்ணி தானே கட்டிய இரண்டு சாமான்கள்.

ஒன்று, பழைய கார் பேட்டரியும் ஹெட்லைட் பல்பும். மெஷினின் உலோக உடம்புக்கும் பிளக்கின் எர்த் முனைக்கும் நடுவே இதைக் கோத்துவிடுவாள். எர்த் ஒயர் முழுசாக இருந்தால் பல்பு கண் கூசும்படி எரியும். ஒயர் உள்ளே அறுந்து ஒரு இழையில் தொங்கினால் அழுதுவடியும். இன்னொன்று, ஒரு சோப்பு டப்பா. உள்ளே மனித உடம்பு கரண்டை எவ்வளவு தடுக்குமோ ஏறக்குறைய அவ்வளவு தடுக்கிற ஒரு குட்டி சாமான். நோயாளி இருக்க வேண்டிய இடத்தில் அதை வைத்து, அதன் வழியாக எவ்வளவு கசிகிறது என்று மீட்டரில் படிப்பாள்.

"இவன்தான் உனக்கு இன்னொரு அண்ணன். எனக்குக் கொழுந்தன்" என்று டப்பாவை அறிமுகப்படுத்தினாள். "உங்க குடும்பத்துலயே சொன்ன இடத்துல நிக்கிறவன் இவன் ஒருத்தன்தான். ஷாக் அடிச்சாலும் வாயைத் திறக்கமாட்டான்."

அந்த வாரம்தான் பெண்கள் வார்டின் ஈசிஜி மெஷின் வந்தது. வார்டு சிஸ்டர் தானே தள்ளிக்கொண்டு வந்தார். மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறதாம்.

பழைய மெஷின் என்றால் கொஞ்சம் கசியும், அந்தக் கசிவை மண்ணுக்குக் கொண்டுபோவதுதான் எர்த் ஒயரின் வேலை என்றாள் அண்ணி. கோத்துப் பார்த்தாள். பல்பு பளீரென்று எரிந்தது. கொழுந்தன் காட்டிய எண்ணும் பயப்பட ஒன்றுமில்லாத எண். பயமில்லாமல் தொடலாம் என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினாள். மறுநாள் மெஷின் திரும்பி வந்தது.

"ஒரு அம்மா ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு எழுந்து ஓடிட்டாங்க" என்றார் சிஸ்டர். "நெஞ்சு வலின்னு வந்தவங்க. இப்ப வலியே இல்ல, வீட்டுக்குப் போறேங்கறாங்க."

அண்ணி மறுபடி பார்த்தாள். மூடியைக் கழற்றினாள், தூசி தட்டினாள், ஒவ்வொரு திருகையும் இறுக்கினாள். பல்பு பளீர். "நல்லாத்தான் இருக்கு!" என்று மெஷினைப் பார்த்துக் கத்தினாள். அனுப்பினாள். திரும்பி வந்தது. ஸ்டூலை ஒரு உதை விட்டாள். ஸ்டூலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் கால் விரல்தான் வீங்கியது.

அதற்குள் வார்டு முழுக்க அவளுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். "பல்பு மேடம் ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்களா? அப்ப கையுறை போட்டுத் தொடு."

மூன்றாவது தடவை பெரிய டாக்டரே கூப்பிட்டார். நானும் பின்னால் போய்க் கதவோரம் நின்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் அண்ணிக்கு இன்னும் எரிச்சல்.

"நீ நல்லாத்தான்மா பார்ப்ப. ஆனா நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா, சோப்பு டப்பாவை வெச்சுப் பார்த்தோம்னு நான் யார்கிட்ட சொல்றது? மெஷினைக் கம்பெனிக்கு அனுப்பிடலாம். நாளைக்கு மதியம் வண்டி வருது."

"எந்தக் கம்பெனிக்கு சார்?"

"அதே கம்பெனிதான். நமக்கு வேற யாரு இருக்கா?"

அண்ணி வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் வார்டுக்கு இருப்பது அந்த ஒரே ஈசிஜி. அது போனால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவளை ஸ்ட்ரெச்சரில் வைத்து, மேடும் பள்ளமுமான முற்றத்தைத் தாண்டி எதிர்க் கட்டிடத்துக்குத் தள்ள வேண்டும். மழையிலும்தான். "பெட்டி போன இடத்துக்கு இதுவும் போகுது. போனா வராது. எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு வீங்கிய விரலைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் ஒரு வேலை செய்தாள். மெஷினை ரூமில் பார்க்காமல், அது நிற்கிற இடத்திலேயே பார்ப்பதென்று பேட்டரி, பல்பு, கொழுந்தன் எல்லாவற்றையும் சாப்பாட்டுத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். நான் தள்ளினேன்.

"பேஷண்ட் படுத்திருக்கற இடத்துல கார் பேட்டரியா? அடுத்து காரையே ஓட்டிட்டு வருவீங்களா?" என்று சிஸ்டர் வழியை மறித்தார்.

"வழிய விடுங்க சிஸ்டர். நீங்க எப்பவும் எப்படி மாட்டுவீங்களோ, அப்படியே மாட்டுங்க. நான் பார்க்கறேன்."

சிஸ்டர் முறைத்தார். பிறகு பீரோவைத் திறந்து, போர்வைகளுக்கு அடியில் கையை விட்டு, துணியில் சுற்றிய எதையோ எடுத்தார். பிரித்தால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதைச் சுவரில் செருகி, மெஷினை அதில் செருகினார்.

அண்ணியின் முகம் மாறியது. "இது என்ன?"

"எங்களோடது. சுவர் பிளக் கட்டில்கிட்ட எட்டாதுல்ல?"

"மூணு தடவை மெஷின் வந்துச்சே, இதை ஏன் அனுப்பல?"

"அனுப்பினா திரும்பி வருமா?" சிஸ்டர் இடுப்பில் கை வைத்தார். "முன்னாடி அனுப்பின ரெண்டும் எங்க? ஒண்ணுல உங்க ஃபேன் ஓடுது. இன்னொண்ணுல உங்க டீ கொதிக்குது. இதையும் குடுத்துட்டு நான் மெஷினை வாய்ல கவ்விக்கிட்டு நிக்கவா?"

கட்டிலில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்தக் கெட்டிலின் டீயை தினமும் குடிப்பவள் நான்.

அவள் பாக்ஸைச் சுவரிலிருந்து உருவி, மெஷினைப் பிரித்து வைத்துவிட்டு, முதலில் பாக்ஸில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். மீட்டர் 'கீ' என்றது. எர்த் இருக்கிறது, நல்லது என்று அர்த்தம். அடுத்து பேட்டரியையும் பல்பையும் கோத்தாள். கண் கூச வேண்டிய பல்பில், அணையப்போகும் ஊதுவத்தி மாதிரி ஒரு சிவப்புக் கோடு. பிளக்கைக் கழற்றினாள். உள்ளே எர்த் ஒயர் அறுந்து, ஒரே ஒரு இழை சும்மா ஒட்டிக்கொண்டு நின்றது. மீட்டர் 'கீ' என்று சொல்ல அந்த ஒரு இழை போதும், பல்பு எரியப் போதாது. செருகும்போதும் ஒளித்துவைக்கும்போதும் ஒயரைப் பிடித்தே இழுத்திருக்கிறார்கள்.

"கடவுளே, மூணு தடவை" என்றாள் அண்ணி. அது சிஸ்டருக்கா, தனக்கா, தெரியவில்லை. என்னிடம் மட்டும், "போ, கெட்டிலோடதைக் கழட்டிக் கொண்டா" என்றாள். கொண்டுவந்தேன். அதில் பல்பு பளீர் என்றது. மெஷினை அதில் மாட்டி, அதன் உலோக உடம்பில் கை வைத்துப் பார்த்தாள். சுரீர் இல்லை. ஒயரைப் பிடுங்கிப் போட்டு ஓடிய அம்மா படுக்கையிலிருந்தபடியே, "இன்னொரு தடவை நீங்களே தொடுங்க" என்றாள். அண்ணி மறுபடி தொட்டாள்.

பெரிய டாக்டரிடம் ஓடினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "சந்தோஷம்மா. ஆனா கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனே. இப்ப வேணாம்னு மேல எழுதினா, ஏன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு பதில், அதுக்கு ஒரு கேள்வி. போயிட்டு வரட்டுமே."

"போயிட்டு வராது சார்!"

"வரும்மா."

மதியம் வண்டி வந்தது. அண்ணி வார்டு வாசலில் நின்றுகொண்டு, எதுவும் செய்ய முடியாமல், கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஈசிஜி எங்க சிஸ்டர்?"

"எந்த ஈசிஜி?" என்றார் சிஸ்டர்.

மெஷின் நின்ற இடத்தில் ஒரு தண்ணீர்க் குடம் நின்றது. பீரோவுக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், போர்வைக் குவியல் ஒன்று வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. மறைப்பதில் சிஸ்டருக்குப் பழக்கம் உண்டு.

வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். அவருக்கு இன்னும் நாலு இடம் போக வேண்டும். "பேப்பரைக் குடுங்க, கம்பெனியில குடுத்துடறேன். மெஷினை அடுத்த டிரிப்ல எடுத்துக்கறேன்" என்று சொல்லி, பேப்பரோடு மட்டும் போனவர் அப்புறம் வரவேயில்லை.

இப்படித்தான் மெஷின் தப்பியது. அண்ணிக்கு அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. காகிதப்படி மெஷின் ஊரில் இல்லை. ஊரில் இல்லாத மெஷினுக்கு ஸ்டோரில் பேப்பர் ரோல் தரமாட்டார்கள். எதிர்க் கட்டிடத்தில் கெஞ்சி வாங்கி வர வேண்டியிருந்தது. பச்சை ஸ்டிக்கர் ஒட்டவும் அவளுக்கு அனுமதி இல்லை, மஞ்சள் பெட்டி வரும்வரை. ஸ்டிக்கர் இல்லாமலே மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேபிள் ஃபேன் பாக்ஸையும் சிஸ்டர் ஒருநாள் வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டதால், வியர்த்துக்கொண்டே பார்த்தாள்.

எனக்கு மறுபடி கால் அரிக்கத் தொடங்கி, அடுத்து எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். அந்த வண்டி வந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணியின் போனுக்குக் கம்பெனியிடமிருந்து ஒரு செய்தி. படித்துவிட்டு, போனை என் பக்கம் தள்ளினாள்.

'தாங்கள் அனுப்பிய ஈசிஜி மெஷின் எங்கள் நிபுணர்களால் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது. குறை எதுவும் இல்லை. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.'

மஞ்சள் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.